மூன்றாவது மைலில் நிற்கும் வண்டி

வண்டி மூன்றாவது மைலில்தான் நிற்கும். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்னப் பாலம் இருந்தது. அந்தப் பாலத்தை ஒட்டி எஞ்சின் சத்தம் கம்மும். வேகம் குறையும். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி தளர்ந்து நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டு உதைத்தால் கிளம்பும். ஒரு மைல் போகும். மறுபடி நிற்கும். ஒன்பது மைல் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு முறை இறங்கி நிற்பேன்.

முன்விளக்கும் எரியாது. அதனால் கிழக்கு வெளுக்கும் முன் கிளம்ப வழியில்லை. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்வேன். ஏழுக்கு முன் போயிருக்க வேண்டும்.

காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் கொண்டுபோவது என் வேலை. மூன்று ஊர்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து, கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவிக் குழாய் உருட்டுவார்கள். மத்தியானம் போய் வெட்டிய காகிதத்தைக் கொடுத்துவிட்டு, காய்ந்த குழாய்களைச் சாக்கில் அள்ளி வருவேன். மறுநாள் காலை அவை கம்பெனியின் சரக்கு அறையான கிட்டங்கிக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் குழாயில் வெடிமருந்து செலுத்தி முடித்தாக வேண்டும். பத்து மணிக்கு மேல் மருந்து அறைகளைப் பூட்டிவிடுவார்கள். நான் முக்கால் மணி நேரம் தாமதித்தால் இருபது பேர் முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அறுபத்து நான்காம் வருடம், ஆவணி மாதம். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்திருந்தது. சீசன் முடிகிறவரை நேரத்துக்குக் கொண்டுவந்தால் என் பெயரைக் கம்பெனியில் சேர்க்கச் சொல்வதாகப் போர்மேன் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்தப் பழைய வண்டியை வாங்கினேன்.

அதற்கு முன் மூன்று வருடம் பத்து மாதம் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்தேன். எனக்குப் பகலில் தூக்கம் வராது. முதலில் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. என் மனைவி ஜெயசீலி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகல் வேலை. அவள் வீட்டுக்குள் நுழையும்போது நான் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பேன். நான்கு வருடம் நாங்கள் வாசலில் குடித்தனம் நடத்தினோம். சித்திரை மாதம் ஒருநாள் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது விரல் நுனி ஓடுகிற பெல்ட்டுக்கு அரை அங்குலத்தில் இருந்தது. பயப்படக்கூடத் தெம்பில்லை. பஞ்சைத் தட்டிவிட்டுக் கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன். ஷிப்டு பாதியில் வந்தவனை மறுபடி சேர்க்க மாட்டார்கள். ஆனால் மேஸ்திரி கருப்பணனுக்கு ஆள் தட்டுப்பாடு. ஆவணி கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆக, வண்டி ஓடினால் பகல் வேலை. ஓடாவிட்டால் மறுபடி அந்த ராத்திரி. வேறு எதுவும் இதில் இல்லை.

வண்டியை விருதுநகரில் லட்சுமிகாந்தம் என்பவரிடம் வாங்கினேன். அவரும் நான்கு வருடம் வேறொரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் கட்டு சுமந்தவர்தான். சின்னச் சீமை மோட்டார் சைக்கிள், பின்னால் பெரிய கேரியர். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காட்டுப்பாதையில் மாடு போகிற இடமெல்லாம் போகும் என்றார். தெருவை இரண்டு முறை சுற்றிக் காட்டினார். தெரு ஒரு பர்லாங்குகூட இல்லை.

முதல் திங்கட்கிழமை தாமதமானதும் அன்றைக்கே கண்ணுச்சாமியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். விருதுநகர் ரோட்டில் அவருடைய ஷெட். விவசாயக் குடும்பம். கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வாங்கி, அது ரிப்பேராகி ரிப்பேராகி அவரே மெக்கானிக் ஆகிவிட்டார். சுற்று வட்டாரத்துப் பம்புசெட்டெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். குத்தவைத்து உட்கார்ந்து என் வண்டியை நாலு பக்கமும் பார்த்தார்.

"வால்வு எங்கலே?"

"இதுல வால்வு கெடையாதுண்ணாச்சி."

"வால்வு இல்லாம எப்படிலே மூச்சு விடும்?"

பிஸ்டனே ஏறி இறங்கி ஓட்டைகளை மூடித் திறக்கும் என்று, லட்சுமிகாந்தம் சொன்னதைச் சொன்னேன். மூக்கில்லாத ஆளைக் கூட்டி வந்ததுபோல் என்னைப் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. புது எஞ்சின் எதைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும்.

பிளக்கைக் கழற்றினார். கறுத்து, ஆயில் வழிந்து, அடுப்புக்கரியை எண்ணெயில் தோய்த்த மாதிரி இருந்தது. உப்புத்தாளில் தேய்த்து மாட்டினோம். மறுநாள் பாலத்தில் நின்றது. டேங்க் மூடியில் காற்று போகிற ஓட்டை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது என்றார். மூடியைத் திறந்து போட்டு ஓட்டினேன். தொடையெல்லாம் பெட்ரோல் தெறித்தது, பாலத்தில் நின்றது. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை வாயால் ஊதினார். நின்றது. சூடானால் கண்டன்சர் மக்கர் பண்ணும் என்று பழைய லாரிக் கண்டன்சர் ஒன்றைக் கம்பியால் கட்டிவைத்தார். பார்க்கக் கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. நின்றது.

நடுவில் நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சூட்டினால்தான் நிற்கிறது, ஆயில் பற்றவில்லை என்று நினைத்து, பெட்ரோலில் கலக்கிற ஆயிலைக் கூட்டினேன். வண்டி பின்னால் வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு போனது. பாலம் கண்ணில் படும் முன்பே நின்றது.

தினமும் அந்தப் பாலத்துக் கட்டையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கம்பெனி வேன்களும் மாட்டு வண்டிகளும் என்னைக் கடந்து போகும். வேனுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். முதல் நாள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. நான்காம் நாள் ஒருத்தி, அண்ணன் இங்கனதான் குடியிருக்காரு போல என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. எஞ்சின் மேல் கையை வைத்து, சூடு குறைந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக் கேட்டில் பெத்தணன் இருந்தார். ஐம்பது வயதுக் காவல்காரர். கேட்டிலிருந்து கிட்டங்கி இரண்டு பர்லாங், உள்ளே மணல் பாதை. தீப்பெட்டி, பீடி எல்லாம் கேட்டில் வைத்துவிட வேண்டும். செருப்பில் ஆணி இருந்தால் உரசிப் பொறி பறக்கும் என்று செருப்பையும் கழற்றச் சொல்வார்கள். லாடம் அடித்த மாடு உள்ளே போகாது. அவிழ்த்துவிட்டு ஆட்கள் வண்டியை இழுத்துப் போவார்கள். மோட்டார் வண்டி என்றால் சைலன்சருக்குள் கம்பிச் சல்லடை இருக்க வேண்டும். புகையோடு பொறி பறக்காமல் அது தடுக்கும். பெத்தணன் ஒரு வேப்பங்குச்சியைச் சைலன்சர் வாய்க்குள் விடுவார். குச்சி தட்டி நின்றால் சல்லடை இருக்கிறது. போங்க என்பார். என் வண்டியில் குச்சி முதல் நாளே சட்டென்று நின்றது. லட்சுமிகாந்தமும் பட்டாசுக் கம்பெனிக்கு ஓட்டிய வண்டிதானே என்று நானும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போர்மேன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். மாட்டு வண்டிக்காரன் சங்கையா இந்த வேலையைக் கேட்டு நாலு நாளாக அலைவதாகச் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அன்று மத்தியானம் கண்ணுச்சாமி எஞ்சின் தலையைக் கழற்றினார். உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டினார். திரும்பப் பூட்டும்போது, சைலன்சர் குழாயைச் சிலிண்டரோடு பிடித்திருக்கிற பெரிய நட்டைச் சரியாக முறுக்கவில்லை. அது அவர் தப்பு. அந்தத் தப்பு மட்டும் நடக்காவிட்டால் நான் அடுத்த வாரமே மில்லுக்குப் போயிருப்பேன்.

சனிக்கிழமை காலையிலும் தாமதம்தான். சாக்குகளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, நான்காவது மைலில் அந்த நட்டு கழன்றது. குழாய் சிலிண்டரை விட்டு விலகித் தொங்கியது. திடீரென்று சரவெடி கொளுத்தியது போலச் சத்தம். காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து காதைப் பொத்தினார்கள். நிறுத்தலாம் என்று கை போனது. ஆனால் வண்டி பறந்தது. அதற்கு முன் அப்படி ஒரு இழுப்பை அதில் நான் பார்த்ததில்லை. பாலம் வந்தது, போனது. சாத்தூர் வரைக்கும் நிற்கவில்லை. கண்ணுச்சாமி ஷெட் வாசலில் வந்து நானாக நிறுத்தினேன்.

உள்ளே வருவதை வைத்தே அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்ரோல், காற்று, பொறி. வெளியே போவதை ஒருவரும் பார்க்கவில்லை.

"சைலன்சரக் கழத்துலே," என்றார் கண்ணுச்சாமி.

வாய்ப்பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே கம்பியை விட்டு இழுத்தார். ரூபாய் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தட்டு வந்தது. கல்லில் தட்டியதும் கரி உதிர்ந்து கம்பிச் சல்லடை தெரிந்தது. சரி, இதுதான் என்று நினைத்தேன். அவர் மறுபடி கம்பியை விட்டார். இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்றாவது சல்லடையில் ஓட்டை என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆயிலும் கரியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வரும் சமயம், புதுச் சல்லடை போட்டு வா என்று கேட்டில் சொல்லிவிடுவார்கள். லட்சுமிகாந்தம் பழையதை எடுக்காமல் அதன்மேல் புதியதைத் தள்ளியிருக்கிறார். குச்சி நின்றால் போதும். அவரைத் திட்டத் தோன்றவில்லை. வேலை முடிந்து சோர்ந்து வருகிற எவனும் அதைத்தான் செய்வான்.

"மூச்சு எப்படிலே விடும்னு நான் அன்னைக்கே கேட்டேன்ல," என்றார் கண்ணுச்சாமி. வாரம் முழுக்கத் தான் பிளக்கையும் கண்டன்சரையும் நோண்டியதை அந்த ஒரு வாக்கியத்தில் மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சைலன்சரை விறகில் போட்டு எரித்தோம். உள்ளே இருந்த ஆயில் எல்லாம் பற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் புகைந்தது. ஆறியதும் தட்டினோம். ஒரு படி கரி கொட்டியது. மாவு சலிக்கிற சல்லடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஒன்றே ஒன்றை உள்ளே வைத்தார். டூ ஸ்ட்ரோக் ஆயில் கக்கும், சல்லடை சீக்கிரம் அடைக்கும், தினமும் சாயங்காலம் கழற்றி நெருப்பில் காட்டு என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்குக் கிட்டங்கி வாசலில் நின்றேன். போர்மேன் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். செவ்வாயும் அப்படியே. இரண்டு நாளும் சாயங்காலம் சல்லடையைக் கழற்றவில்லை. மூன்று ஊர் சுற்றிக் குழாய் அள்ளி வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். மூடியைக் கழற்றி, சல்லடையை எடுத்து, எரித்து, மறுபடி பூட்ட ஒரு மணி நேரம் ஆகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். சோம்பல்தான். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

புதன்கிழமை ஆறாவது மைலில் வண்டி தளர்ந்தது. போய்ச் சேர ஏழேகால். போர்மேன் என் பக்கம் திரும்பவே இல்லை. கணக்குப்பிள்ளையிடம் பேசுவதுபோல், இன்னும் ஒரு நாள் தாமதமானால் சங்கையாவுக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மூடியைக் கழற்றினேன். சல்லடையை எடுத்தேன். நெருப்பில் காட்டவில்லை. ஓலைப்பெட்டியில் கிடந்த மெல்லிய போல்ட் ஒன்றை எடுத்து, சைலன்சர் வாய்க்கு இரண்டு விரல் உள்ளே குறுக்காக மாட்டி நட்டைப் பூட்டினேன். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். தட்டி நின்றது. சுற்றிலும் காற்றுப் போக வேண்டிய இடம் இருந்தது. செய்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றுதான் அப்போது தோன்றியது.

ஜெயசீலி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். சோறு போட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்படிச் சாப்பிடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியும் அது எனக்குப் பழகவில்லை. யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் போல இருக்கும்.

வியாழக்கிழமை பெத்தணன் குச்சியை விட்டார். நின்றது. போங்க என்றார். வண்டி சீராக ஓடியது. போர்மேன் முதல்முறையாக டீ குடித்தாயா என்று விசாரித்தார். சீசன் முடிந்ததும் முதலாளியிடம் பேசுவதாக அவரே ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமையும் குச்சி நின்றது. மணல் பாதையில் கிட்டங்கிக்குப் போகிற வழியில், ஒரு பக்கம் மருந்து செலுத்திய வெடிகளைக் காயப்போடுகிற மேடை. சுப்புத்தாய் என்கிற பெண் மேடையில் குனிந்து வெடிகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் மணல் ஆழம். பின்சக்கரம் புதைந்தது. முறுக்கினேன். எஞ்சின் ஒருதரம் உறுமி வண்டியை வெளியே தள்ளியது. அப்போது சைலன்சரிலிருந்து ஏதோ தெறித்தது. எரித்துத் தட்டியதில் உதிராமல் மிச்சமிருந்த கரித்துண்டு போலிருக்கிறது. உளுந்து அளவு. விழுந்தபோது சிவப்பாக இருந்தது.

மேடைக்கும் அதற்கும் நடுவே நான்கு முழம் இருக்கும்.

எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அதன்மேல் காலை வைத்தேன். கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்ட கால். வைத்த காலை எடுக்கவில்லை. அழுத்தித் திருகினேன். சதை சுடுகிறது என்று தெரிந்தது, அதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

சுப்புத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே, முள்ளா?"

"முள்ளு."

"செருப்புப் போட விடமாட்டேங்காக. தரையைக் கூட்டவும் ஆள் இல்ல. பாத்துப் போங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வெடிகளைப் பரப்பத் தொடங்கினாள்.

மிச்சத் தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சாக்குகளை இறக்கினேன். அன்று மத்தியானம் மூன்று ஊருக்கும் போய்க் காகிதம் கொடுத்தேன், குழாய் அள்ளினேன். வீட்டிலும் முள் என்றுதான் சொன்னேன். ஜெயசீலி உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, இது முள் குத்தியது இல்லையே என்றாள். சைலன்சர் பட்டுவிட்டது என்றேன். உள்ளங்காலில் எப்படிப் படும் என்று அவள் கேட்கவில்லை. மருந்து தடவித் துணி சுற்றினாள். சாயங்காலம் போல்ட்டைக் கழற்றிச் சல்லடையைத் திரும்ப வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. சல்லடையை எடுத்து நெருப்பில்கூடக் காட்டினேன். பூட்டவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை ஆறு பத்துக்குக் கேட்டுக்கு வெளியே எஞ்சினை நிறுத்தினேன். பெத்தணன் வழக்கம்போலக் குச்சியோடு வந்தார். விட்டார். நின்றது.

"போங்க," என்றார்.

"அண்ணே, அது சல்லடை இல்ல. போல்ட்டு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. சைலன்சர் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டார். சூடு. விரலை இழுத்துக்கொண்டார். மறுபடி விட்டுத் தடவிப் பார்த்தார். குறுக்கே கிடக்கிற இரும்பு கையில் பட்டிருக்கும்.

"எத்தன நாளா?"

"முந்தாநா, நேத்து. நேத்து காயப்போடுற மேடைகிட்ட ஒரு பொறி விழுந்துச்சு. மிதிச்சிட்டேன்."

அவர் என் காலைப் பார்த்தார். துணி கட்டியிருந்தது. பிறகு கையிலிருந்த குச்சியைப் பார்த்தார்.

"போங்கன்னு நாந்தான சொன்னேன்," என்றார். மறுபடியும், "ரெண்டு நாளும் நாந்தான சொன்னேன்."

நாளையிலிருந்து சல்லடையைப் போட்டு வருகிறேன், தினமும் எரித்துச் சுத்தம் பண்ணுகிறேன் என்று சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டின் குறுக்குச் சங்கிலியை மாட்டிவிட்டார்.

"இந்த வண்டி இனிமே இதத் தாண்டாது. நீ சல்லடை போட்டாலும் சரி, தங்கத்துல போட்டாலும் சரி."

அதுவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தார்.

போர்மேனுக்குச் செய்தி போயிற்று. வேகமாக நடந்து வந்தவர், பெத்தணன் சொன்னதை முழுக்கக் கேட்டார். பெத்தணனைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. என்னைத் தனியாக நான்கு அடி நகர்த்திக் கூட்டிப்போனார்.

"இத அவர்ட்ட எதுக்குச் சொன்னீரு? கழத்திப் போட்டுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல."

"இருந்திருக்கலாம்."

"இப்ப அந்தாளு சங்கிலிய எடுக்க மாட்டான். நான் எடுக்கச் சொன்னா முதலாளி வரைக்கும் போயிரும். குழாய் ஏழு மணிக்குள்ள உள்ள வரணும். எப்படி வரும்னு எனக்குத் தெரியாது."

நான்கு சாக்கு. காகிதக் குழாய் கனம் கிடையாது, ஆனால் ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்துக்கு உப்பியிருக்கும். ஒன்றைத் தோளில் ஏற்றினேன். சங்கிலிக்குக் கீழே குனிந்து போக முடியவில்லை. பெத்தணன் அதை இறக்கிப் பிடித்தார். நான் தாண்டியதும் மறுபடி மாட்டினார். உதவி என்று சொல்ல மாட்டேன். ஆளை விடலாம், வண்டியைத்தான் விடக்கூடாது. அவ்வளவுதான்.

இரண்டு பர்லாங் மணல். சாக்கு முகத்தை மறைத்ததால் பாதையின் ஓரத்தைப் பார்த்து நடந்தேன். இரண்டாவது சாக்குக்குத் திரும்பி வரும்போது காலில் சுற்றிய துணி அவிழ்ந்து மணல் ஒட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. துணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது சாக்குக்கு மேடையைக் கடக்கும்போது சுப்புத்தாய் வண்டி எங்கே என்று கேட்டாள். வெளியே நிற்கிறது என்றேன். ரிப்பேரா என்றாள். இல்லை, நன்றாக ஓடுகிறது என்றேன். அவள் என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பாள்.

நான்காவது சாக்கை இறக்கும்போது ஏழு அடித்து ஐந்து நிமிடம். மருந்து அறை ஆட்கள் வாசலிலேயே நின்று, என் கையிலிருந்து சாக்கைப் பறித்து, பிரித்து, குழாய்களைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். போர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெனமும் இப்படியா கொண்டாரப் போறீரு?"

"இப்படித்தான்."

"முடியுமா?"

"கேட்டுல நின்ன நேரம் மிச்சமாகும், கால் மணி முன்னாலயே இறக்கிருவேன். வண்டி நிக்காது."

முதலாளி காதுக்கு இது போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். திங்கட்கிழமை வாரும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மருந்து அறைகள் பக்கம் போனார். கம்பெனியில் பெயர் சேர்ப்பதைப் பற்றிப் பேச்சு இல்லை.

பெத்தணன் நான் வெளியே போகிறவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாத்தூருக்கு ஒரு தடவைகூட நிற்காமல் வந்தேன். ஜெயசீலி டூட்டிக்குப் போகச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றிருந்தாள். கருப்பணன் மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தாராம். நாளையோடு ஆவணி முடிகிறது, வருகிறதா இல்லையா என்று மத்தியானத்துக்குள் தெரிய வேண்டுமாம். அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து பதில் கேட்பதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.

"என்ன சொல்லட்டும்?"

கேட்டில் நடந்ததை அவளிடம் சொன்னேன். போல்ட், பொறி, சங்கிலி எல்லாம். நின்றபடியே கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் அவசரப்படுத்தவில்லை.

"அப்ப அங்கன நிச்சயமா வச்சிக்கிருவாகளா?"

"தெரியல."

"திங்கக்கிழம வேணாம்னுட்டா?"

"வேணாம்னுட்டா வேற பகல் வேல பாக்கணும்."

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"மேஸ்திரி ஆளுக்கு வரலன்னு சொல்லிரவா?"

"சொல்லிரு."

அவள் தெரு முனையில் திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே போனேன். உள்ளங்காலைக் கழுவினேன். வெட்டிய காகிதக் கட்டுகளை வண்டியில் ஏற்ற வேண்டும். மூன்று ஊர் பாக்கி இருந்தது.